போடியார் செய்த டாக்குத்தர்

ஊரே மலேரியாவில் நடுங்கியபோது, ஊர் நிலக்காரர் கந்தப்போடியார் வயலை விற்று மகன் யோகராசாவைக் கொழும்புக்கு வைத்தியம் படிக்க அனுப்பினார்.

“அவன் டாக்குத்தரா வரட்டும். நம்மட ஊரில ஒருத்தரும் காய்ச்சலில சாகமாட்டாங்க!”

படிப்பு முடிந்தது. மேளம், மாலை, சீனவெடி என்று வாவித் துறையடி அமர்க்களப்பட்டது. போர்வைக்குள் நடுங்கியபடியே ஊர் திரண்டு வந்தது.

“தம்பி, காய்ச்சலுக்குக் கொஞ்சம் கொயினா தாங்களன்” என்றார் அயல்வீட்டுச் சாமித்தம்பி.

“அக்கரைக்கு வாங்க மாமா, தாறன்” என்றபடி யோகராசா தோணியில் ஏறினான்.

அது வரவேற்பல்ல, கலியாண ஊர்வலம். கட்டியவன் பெண் வீட்டோடு போய்க் குடியிருப்பதுதானே நம் ஊர் வழமை? பெண் வீடு அக்கரையில்.

தோணி மறைந்ததும் போடியார் பல் கிடுகிடுக்க மனைவியிடம் சொன்னார்:

“வயலை வித்தது பிழைகா. வீட்டில இரிக்கிற மகளுக்குச் சீதனமாக் குடுத்திருந்தா, வேற ஆரோ படிப்பிச்ச டாக்குத்தர் நம்மட வீட்டுக்கே வந்திரிப்பான்!”