கொடுவாளில் ஒரு 'வீ'

"நான் அடிச்ச கொடுவாள்ல என் எழுத்து இருந்தா உனக்கு இன்னாத்துக்குண்ணா வயிறு எரியுது?"

பட்டறையே அதிரக் கத்தினான் வீரன்.

கொல்லன் முனியன், வீரன் உளியால் பொறித்திருந்த 'வீ'யை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வீரன் தொழில் பழக வந்து வருஷம் இரண்டுதான். ஆனால் கை அப்படி! அவன் அடித்த கொடுவாளுக்கு ஜவ்வாது மலை முழுக்கக் கிராக்கி. எண்பதாம் வருஷம் அது. காட்டில் திரிந்த நக்சலைட் தோழர்கள் வேறு, "புரட்சிக்கே ஆயுதம் செய்றீங்க தோழர்!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான், தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பொறாமை! போலீஸ் ஜீப்பைப் பாத்தாலே கும்பிடு போடற பயந்தாங்கொள்ளி நீ. வேற இன்னா தெரியும்?"

"துருத்திய ஊதுடா," என்றான் முனியன்.

வீரன் விடுவானா? முனியன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, இன்னொரு கொடுவாளில் ஆழமாக 'வீ' போட்டுத் தோழர்கள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

மறு வாரம் அடிவாரத்தில் ஒரு புளி வியாபாரி வெட்டுப்பட்டுச் செத்தான். ஜீப் நேரே பட்டறைக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் கையில் கொடுவாள். அதில் 'வீ'.

"எவன்டா இதைப் போட்டது?"

அரம் போட்டுத் தேய்த்தது எதற்கென்று வீரனுக்கு அப்போதுதான் விளங்கியது. வாயில் புரட்சியும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. துருத்திக்குப் பின்னால் ஒதுங்கினான்.

முனியன் சம்மட்டியை வைத்துவிட்டு எழுந்தான்.

"நான்தாங்க."

"பேரு?"

"வீரனுங்க."

பொளேரென்று ஓர் அறை. கையைப் பின்னால் முறுக்கி ஜீப்பில் தள்ளினார்கள். வாசலில் நின்ற அவன் பெண்சாதி மாணிக்கம்மாள், புருஷன் பார்த்த பார்வையில், அழுகையை முந்தானையால் அடைத்துக்கொண்டாள்.

ஏறப்போன இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீ யாருடா?"

இப்போதாவது நிஜத்தைச் சொல்லிவிடலாம். வீரன் வாயைத் திறந்தான்.

"முனியனுங்க."

ஜீப் போய்விட்டது. கொல்லன் திரும்பி வரவேயில்லை. பிணத்தைக்கூடக் கண்ணில் காட்டவில்லை, பாவிகள்.

அந்தப் பட்டறை இன்னும் இருக்கிறது. கொடுவாள்களில் ஓர் எழுத்தும் இருக்காது. பழைய ஞாபகத்தில் யாராவது வந்து, "வீரன் இருக்கானா?" என்று கேட்டால், உலையைப் பார்த்தபடியே அவன் சொல்வான்:

"அவரு செத்துட்டாருங்க."