பிச்சப்பிள்ளை அண்ணன்

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வரப்பில் ஒரு நீல வாளி. பிடி அறுந்து, பச்சைக் கயிறு போட்டுக் கட்டியது.

அவள் கட்டிய கயிறு. அவள் வாளி. அவள் வெங்காயம்.

படத்தின் மேல் ஒரு பாட்டிலை ஒட்டிவைத்திருந்தான் மருந்துக்கடை இளவழகன். 'நம்ம கடை மருந்து அடித்த வயல். ஒரே அடி. திருகல் நோய் போயே போச்சு.' கடைசியில் கும்பிடும் பொம்மை வேறு.

அட, நாசமாய்ப் போறவனே.

வெங்காய விவசாயிகளின் வாட்ஸ்அப் குழு அது. அட்மினும் அவன்தான். நேற்றுதான் தனியாகக் கேட்டான், 'வயல் எப்படி இருக்கு, ஒரு படம் அனுப்புங்கண்ணே' என்று. அக்கறையாய்க் கேட்கிறானே என்று அனுப்பினாள்.

அந்த மருந்து ஒரு சொட்டுகூட அந்த வயலில் விழுந்ததில்லை.

மேட்டுப்பாத்தி போட்டாள். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் இதே குழுவில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது. விதைக்காயைச் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர்க் கரைசலில் நனைத்து ஊன்றினாள். அது துறையூர்க்காரர் சொன்னது. மழைத் தண்ணீர் வேரில் நிற்காமல் வாய்க்கால் வெட்டியதும், திருகிய செடியை அன்றன்றைக்கே பிடுங்கி எரித்ததும் அவள் சொந்தப் பாடு. இடுப்பு ஒடிந்தது அவளுக்கு. பெயர் பாட்டிலுக்கு.

தெரிந்ததைச் சும்மா சொல்லிக்கொடுத்த இடம். அதைக் கடையாக்கிவிட்டான் பாவி.

படத்துக்குக் கீழே வரிசையாகக் கேள்விகள். எங்கே கிடைக்கும்? ஏக்கருக்கு எவ்வளவு?

செட்டிகுளம் செங்கமலை எழுதியிருந்தார். 'நமக்கும் திருக ஆரம்பிச்சிருச்சு. இப்பவே கிளம்பி வரேன்.'

மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. தண்ணீர் வடியாத வயலில் இந்த மருந்தை அடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார் மனிதர். வருகிற மழைக்கு மொத்தமும் அழுகும்.

அவசரமாக எழுதினாள். 'இது என் வயல். இந்த மருந்து அடிக்கவே இல்லை. முதலில் தண்ணீரை வடிய விடுங்கள்.'

அனுப்பிய வேகத்தில் காணாமல் போனது. அட்மின் நீக்கிவிட்டாராம்.

மறுபடி எழுதப் போனாள். எழுதுகிற இடமே இல்லை. இனி அட்மின் மட்டும்தான் பேசலாமாம்.

அவள் வயல், அவள் வாய். இரண்டையும் அவனே எடுத்துக்கொண்டால் எப்படி?

செங்கமலையின் எண் இருக்கிறது. கூப்பிட வேண்டியதுதான்.

விரல் தயங்கியது.

குழுவில் அவள் பிச்சப்பிள்ளை அண்ணன். கத்தாரில் கொத்து வேலை பார்க்கும் புருஷனின் எண், புருஷனின் பெயர். அண்ணே என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அண்ணனாகவே பதில் எழுதிவிடுவாள்.

வேறென்ன செய்ய? உடுமலைக்காரி ஒருத்தி ஒருமுறை குரலில் பேசி அனுப்பினாள். கேட்டது உரத்தைப் பற்றி. பதிலுக்கு அவளுக்குத் தனியாக வந்ததெல்லாம் ரோஜாப்பூவும் 'சாப்பிட்டீங்களா'வும். ஒரே வாரத்தில் குழுவை விட்டே ஓடிப்போனாள். பொம்பளைக் குரல் என்றால் அத்தனை இளப்பம் இவர்களுக்கு.

தூறல் விழுந்தது.

கூப்பிட்டாள்.

"பிச்சப்பிள்ளை அண்ணே! கடையிலதாண்ணே நிக்கிறேன். சரியான கூட்டம்."

"அண்ணன் கத்தார்ல இருக்காருங்க. வெங்காயம் போட்டது நான்."

"ஆங்?"

"படத்துல இருக்கறது என் வயலு. அந்த நீல வாளி என் வாளி. மருந்து வாங்கிறாதீங்க."

கடைக்குள் யார் யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் இளவழகனின் குரல். "போன்ல யாருங்க?"

"படத்துல இருக்கே, அந்த வயலுக்காரம்மா," என்றார் செங்கமலை.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அங்கே விலை கேட்கும் சத்தம் நின்றுபோனது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஸ்பீக்கர்ல போடுங்கண்ணே."