ஒரே ஒரு ‘ரைட்’

“ஒரே வார்த்தையையா திரும்பத் திரும்பச் சொல்றார்?”

அந்த அம்மாள் இப்படிக் கேட்டதும் பேச்சுப் பயிற்சி டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கு வாரமாகப் புருஷனின் கட்டிலை விட்டு நகராதவள் கேட்கிற கேள்வியா இது? மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

“ஆமாம்மா. மூளையில அடைப்பு வந்ததுல மத்த வார்த்தையெல்லாம் போயிடுச்சு. ‘ரைட்’ ஒண்ணுதான் மிச்சம். முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிச் சொல்லிப் பழகினதில்லையா?”

உண்மைதான். மாஸ்டருக்கு வண்டியை எடுக்கவும் ரைட், வளைக்கவும் ரைட். ஒழுங்காக ஓட்டினால் ‘ரைட்டு!’ கம்பத்தில் கொண்டுபோய் இடித்தால் ‘ரைட்டு, இறங்கு.’ யாராவது வம்புக்கு வந்தால் ‘ரைட்டு விடு.’ இத்தனைக்கும் சேர்த்து விதி கொடுத்த பரிசைப் பாருங்கள், விழுந்ததும் வலப்பக்கம்தான். வலது கை அசையவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது.

டாக்டரின் மடியில் ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று ‘வீடு’, இன்னொன்று ‘பராமரிப்பு இல்லம்’. மாஸ்டர் சொல்வது வீட்டில் இருப்பவருக்குப் புரியுமா, புரியாதா என்று பார்த்து ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அதற்காகத்தான் இன்று முதல்முறையாக இந்த வார்டுக்கு வந்திருக்கிறாள்.

“வீட்டுக்கு அனுப்பிடுங்கம்மா. நான் பார்த்துக்கறேன்.”

“அவர் சொல்றது உங்களுக்குப் புரியணுமேம்மா.”

“எல்லாம் புரியும். இந்த ஆஸ்பத்திரியிலயே நீங்க ஒருத்தர்தான் தெளிவாப் பேசறீங்க. மத்தவங்க மாஸ்க்குக்குள்ள என்ன சொல்றாங்கன்னே தெரியல. நானும் தலையை ஆட்டி வைப்பேன்.”

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. உச்சரிப்புதானே அவள் பிழைப்பே.

படம் போட்ட அட்டைகளை எடுத்தாள். மாஸ்டருக்கு மட்டும் காட்டினாள். தண்ணீர் டம்ளர்.

“ரைட்டு” என்றார் மாஸ்டர்.

“தண்ணி கேக்கறார்” என்றாள் மனைவி, அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அடுத்தது போர்வை. “ரைட்.” “போர்த்திவிடச் சொல்றார்.”

முழங்கால் வலி. “ரை...ட்.” “கால் குடையுதாம்.”

கடைசி அட்டையை மாஸ்டர் பார்க்கவே இல்லை. “ரைட்டு ரைட்டு!”

“உங்க படத்தையெல்லாம் மூட்டை கட்டச் சொல்றாரும்மா. அவருக்குக் கோவம் வந்துடுச்சு.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். ஒவ்வொரு ‘ரைட்’டிலும் குரலின் ஏற்ற இறக்கம் வேறு வேறு என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. இந்த அம்மாள் அதை எப்படிப் பிடிக்கிறாள்!

“இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. வீட்ல நீங்க அடுப்படியில இருப்பீங்க, அவர் கட்டில்ல இருப்பார். குரலை வெச்சே கண்டுபிடிக்கணும். நடுவுல திரையைப் போட்டுப் பார்த்துடுவோமா?”

அந்த அம்மாளின் முகம் செத்துப்போயிற்று. “திரை எதுக்கும்மா? இவ்வளவு நேரம் சரியாத்தானே சொன்னேன்?”

“ரூல்ஸ்மா. அந்த நாடாவையும் அவுத்துடலாமா?”

இருவரின் இடது மணிக்கட்டுகளையும் சேர்த்து ஒரு நீள நாடா கட்டியிருந்தது. ‘மாஸ்டர் தப்பிச்சு ஓடிடுவார்னு பயமா?’ என்று நர்சுகள் கேலி பண்ணுவார்களாம். அந்த அம்மாள் பதிலே சொல்லாமல் சிரித்து வைப்பாளாம்.

“நாடா இருந்துட்டுப் போகட்டும்மா” என்றாள் கெஞ்சலாக.

டாக்டர் பச்சைத் திரையை இழுத்துவிட்டு மாஸ்டர் பக்கம் நின்றாள். அட்டையை எடுப்பதற்குள்ளேயே அந்தப் பக்கமிருந்து, “தண்ணி!” என்று குரல் வந்தது.

பதற்றம் போலிருக்கிறது. டாக்டர் பேசாமல் தலையணைப் படத்தைக் காட்டினாள். “ரைட்” என்றார் மாஸ்டர். பதில் இல்லை. ஜன்னல் படம். “ரைட்டு.” பதில் இல்லை. வெகுநேரம் கழித்து, “கால்வலியா?” என்று ஒரு குரல் மட்டும் நடுங்கிக்கொண்டு வந்தது.

டாக்டர் படிவத்தைக் கையில் எடுத்தாள். கண்ணெதிரே பார்த்தால்தான் புரிகிறது என்றால், அடுத்த அறையில் இவர் விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? பேனாவை ‘பராமரிப்பு இல்லம்’ என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனாள். மாஸ்டரின் கண்கள் பேனாவையே பார்த்தன.

“போதும்மா. இந்தப் பக்கம் வாங்க.”

சத்தமே இல்லை.

“அம்மா, முடிஞ்சுபோச்சு. வாங்க!”

மூன்றாவது தடவை டாக்டர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்லை.

மாஸ்டர் டாக்டரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு இடது கையை மெல்ல இழுத்தார். திரைக்கு அடியில் நாடா விறைத்தது.

“இதோ வந்துட்டேங்க!” நாற்காலி நகர்ந்தது. திரையை விலக்கிக்கொண்டு அந்த அம்மாள் ஓடி வந்தாள்.

டாக்டர் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். “எத்தனை வருஷமாம்மா?”

அந்த அம்மாளின் கண் நிறைந்தது. “இருபது வருஷம். சொன்னா இவரை என்கூட அனுப்ப மாட்டீங்களேன்னுதாம்மா மறைச்சேன். நாடாவை இழுத்தார்னா எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன்.”

டாக்டர் ‘வீடு’ என்ற கட்டத்தில் அழுத்தி டிக் அடித்துக் காட்டினாள்.

“ரைட்டு” என்றார் மாஸ்டர்.

“அழாதடீங்கறார்” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அந்த அம்மாள். “ரெண்டு காதும் போனதுலேர்ந்து இவர் மூஞ்சியைப் பார்த்துத்தாம்மா எங்க பேச்சே. ஒரே வார்த்தையைத்தான் சொல்லிட்டிருக்கார்ங்கறது இன்னிக்கு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”