அத்தை கேட்ட வாக்கியம்

"ஒரே ஒரு வாக்கியம் போதும்மா. ஆனா அத நான்தான் சொல்லணும். நடுவுல வேற யாரும் பேசக் கூடாது" என்றாள் தங்கம்மாள்.

மருமகள் ஜெயபாரதிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் புகுந்த வீட்டுக்கே ஸ்பானிஷ் வாத்தியார் ஆகிவிட்டாள். கம்பெனி வேலைக்காகச் சென்னையில் கற்ற மொழி, மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்தில் கைகொடுக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

மாமனார் சாமிதுரையின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஸ்பெயினிலிருந்து எலேனா என்று ஒரு பெண் வருகிறாள். "அம்மாவுக்கு ரொம்ப வேண்டியவங்க" என்பதற்கு மேல் கணவன் நெடுமாறன் வாய் திறக்கவில்லை.

"என்ன வாக்கியம், அத்தை?"

"நீ பசியில வாடக் கூடாதுன்னுதான்... அவ்வளவுதான்."

"விருந்தாளிகிட்ட வாங்க, சாப்பிடுங்கன்னு சொன்னா போதுமே!"

"இல்லம்மா. இதுதான் வேணும்."

"பாரா கே நோ பசாராஸ் ஆம்ப்ரே" என்று ஜெயபாரதி ஸ்பானிஷில் சொல்லிக் கொடுத்தாள்.

அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். மீன் அலசும்போதும் அதே முணுமுணுப்பு, அரிசி புடைக்கும்போதும் அதே. நாக்கு புரளாவிட்டால் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவாள். மாமா வயலில் நாற்றுமுடிகளை "ஊனோ, தோஸ், த்ரேஸ்" என்று எண்ணினார். நடவாட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள், அவர் நிறுத்தவில்லை. நாத்தனார் கனிமொழியும் திருவாரூரிலிருந்து தினமும் வீடியோ காலில் பாடத்துக்கு வந்துவிடுவாள்.

கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த மனுஷி, ஒரு விருந்தாளிக்காக இந்தப் பாடு படுவாளா? ஜெயபாரதிக்கு மலைப்பாக இருந்தது. இந்த வீட்டு மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அறுபதாம் கல்யாணத்தன்று காலையில் திருக்கடையூர் மண்டப வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியவளின் முகத்தைக்கூட ஜெயபாரதி சரியாகப் பார்க்கவில்லை. அதற்குள் அத்தை ஓடிப்போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். சொல் வரவில்லை. ஜெயபாரதி எடுத்துக் கொடுக்க வாயெடுத்தாள், நெடுமாறன் கையமர்த்தினான்.

"பாரா கே... நோ பசாராஸ்... ஆம்ப்ரே."

ஒரு பிசகு இல்லை. எலேனா அத்தையின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒரு சாப்பாட்டுப் பேச்சுக்கா இத்தனை அழுகை என்று ஜெயபாரதி திகைத்துப் போனாள்.

"நாழியாறது, வாங்கோ" என்று குருக்கள் கூப்பிட்டார். தம்பதியை மணையில் உட்காரவைத்துக் கலசத்தை எடுத்தார். "முதல் கலசம் மூத்த குழந்தை கையால ஊத்தணும். யாரு மூத்தவா?"

எல்லோரும் கனிமொழியைப் பார்த்தார்கள். அவள் கலசத்தை வாங்கி எலேனாவின் கையில் கொடுத்தாள்.

"நான் ரெண்டாவதுங்க சாமி. ஆத்துல தண்ணி வராத வருஷம், கஞ்சிக்கு வழியில்லாம தத்துக் கொடுத்த எங்க அக்கா, இவங்கதான் மூத்தவங்க."