காலண்டரில் ஒரு நாள்

"பொண்ணு பேரை ஆக்னஸ்னு இங்கிலீஷ்லயே எழுதிடலாமே," என்றாள் யத்விகா, நிறைமாத வயிற்றைத் தடவியபடி. "இந்த லீட்ஸ்ல என் பேரைச் சரியா சொல்ல ஒருத்தர் இல்ல. ஆஸ்பத்திரியில கூப்பிடறது என்னைத்தானான்னு முழிக்கறேன். இவளும் இந்தப் பாடு படணுமா?"

"படட்டும். அக்னியெஷ்கா. உங்க போலந்து பாஷையில எப்படியோ அப்படியே. ஒரு எழுத்து குறையக் கூடாது," என்றான் கணவன், பீட்ரூட் சூப்பைக் கிளறிக்கொண்டே.

"டீச்சருக்கு நாக்கு சுளுக்கிக்கும்."

"சுளுக்கட்டும். அப்புறம் தானா வரும்."

"எங்கப்பாவே 'உங்க இஷ்டம்'னுட்டார். உனக்கென்ன இவ்வளவு பிடிவாதம்?"

அவன் கரண்டியை வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய போலிஷ் காலண்டரைக் காட்டினான். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் அந்த நாளுக்குரிய புனிதர்களின் பெயர்கள் அச்சாகியிருந்தன.

"உன் பேர் வர்ற நாள்ல, கூப்பிடாமலே எத்தனை பேர் பூவும் கேக்குமா வந்து நிக்கறாங்க! கல்யாணமான புதுசுல நானும் என் பேரைத் தேடினேன். ஜனவரியிலேர்ந்து டிசம்பர் வரைக்கும்."

யத்விகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டிரெவர்னு எந்தப் புனிதர் இருந்தார், உனக்கு நாள் குறிக்க?"

"அதான் சொல்றேன். இங்கிலீஷ்காரனாப் பொறந்து எனக்குத்தான் கொடுத்து வைக்கல. என் பொண்ணு வாசல்லயாவது பூவோட ஆள் வந்து நிக்கட்டும்."

யத்விகா மெல்ல எழுந்தாள். காலண்டரில் 'அக்னியெஷ்கா' என்றிருந்த நாளைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் பேனாவால் 'டிரெவர்' என்று எழுதினாள்.

"அப்பாவும் பொண்ணும் சேர்ந்தே கொண்டாடுங்க. ஆனா கேக் ஒண்ணுதான் செய்வேன்!"