இருநூறு படமும் ஒரு ஃபியூஸும்

ஃபியூஸ் என் கையில் இருந்தது. போட்டால் எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் முழுக்க வெளிச்சம் வந்துவிடும். நான் போடவில்லை.

மணி எட்டு இருபது. காற்றில் லைன்மேல் விழுந்த சில்வர் ஓக் கிளையை வெட்டித் தள்ளியாயிற்று. கம்பியை இழுத்துக் கட்டியாயிற்று. கூட வந்தவன் அடுத்த புகாருக்காக ஜீப்பில் ஏலப்பாறைப் பக்கம் போய்விட்டான். டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில், ஜனவரிக் குளிரில், நான் மட்டும் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

எல்லாம் நிமியால் வந்த வினை.

ஃபியூஸைத் தூக்குகிற நேரம் பார்த்துப் போன் அடித்தாள்.

"இங்க பாருங்க, இப்ப லைனைச் சார்ஜ் பண்ணிராதீங்க. லயம் முழுக்க இருட்டு, மேகமும் இல்ல, அமாவாசை வேற. எனக்கு ஒரு அரை மணி நேரம் குடுங்க."

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? என் வேலை போயிரும்டி!"

அதற்குள் வைத்துவிட்டாள்.

என் பொண்டாட்டி பகலில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். இருட்டினால் வானத்தைப் படம் பிடிக்கிறவள். அவள் தம்பி கல்யாண வீடுகளில் எடுத்து எடுத்துத் தேய்ந்துபோன பழைய கேமரா, ஒரு சின்ன லென்ஸ், ஒரு கால் ஆடுகிற ஸ்டாண்ட். காற்றுக்கு ஸ்டாண்ட் அசையாமல் இருக்க, கொழுந்துச் சாக்கில் கல்லை நிரப்பி அதில் தொங்கவிடுவாள். அவளுடைய சாமான் அவ்வளவுதான்.

அவளுக்கு வேண்டியதும் ஒரே ஒரு படம்தான். வரிசையாக நிற்கிற மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே மங்கலாக ஒரு புள்ளி தொங்குகிறதாம். அது நட்சத்திரமே இல்லையாம், ரோஸ் நிறத்தில் ஒரு மேகமாம். அதற்குள்ளே புதுசு புதுசாக நட்சத்திரங்கள் பிறக்கின்றனவாம்.

ஒரு படத்தில் அது துலங்காது என்பாள். நாலு நாலு விநாடியாக இருநூறு படம் எடுத்து, தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் நிறம் வருமாம். தானாக எடுக்கிற வசதி அந்தக் கேமராவில் கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் பட்டனை அமுக்க வேண்டும், ஆட்டம் அடங்கக் காத்திருக்க வேண்டும். இருநூறு தடவை.

மூன்று வருஷமாக இதே பாடு. நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசைவீட்டு வாசலில் தெருவிளக்கு, எதிரே ஃபாக்டரி விளக்கு. எடுக்கிற படமெல்லாம் கஞ்சித்தண்ணி நிறத்தில் வரும். இருட்டைத் தேடி மேலே பாறைக்குப் போகலாமென்றால் அங்கே சிறுத்தை நடமாட்டம்.

லயத்தில் கேலி வேறு. நிமி நிலாவில் போய்க் கொழுந்து பறிக்கப் போகிறாள் என்று முதலில் ஆரம்பித்துவைத்தது பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா. நிமி சிரித்துக்கொள்வாள்.

போன வாரம் சிரிக்கவில்லை. இந்த அமாவாசைக்கும் படம் வரவில்லையென்றால் கேமராவைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றாள். கொடுத்துவிட்டு என்ன செய்வாய் என்று கேட்டேன். தூங்குவேன் என்றாள். அதைச் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் ஃபியூஸ் இன்னும் கையில் இருந்தது.

டிஸ்பென்சரியில் இன்வெர்ட்டர் உண்டு. கொழுந்து குறைவு என்பதால் ஃபாக்டரி அன்று ஓடவில்லை. யாருடைய உயிரும் போகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அது சீரியல் நேரம். வழக்கமாக, கரண்ட் போய் ஐந்து நிமிஷம் தாண்டினால் என் போன் கொதிக்க ஆரம்பித்துவிடும். நாற்பது பேராவது கூப்பிடுவார்கள். பேச்சியம்மா அக்கா மட்டுமே ஏழு தடவை. அவள் வசவில் என் அப்பன், பாட்டன், ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் வரைக்கும் வந்து போவார்கள்.

அன்று நிமிக்கு அப்புறம் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

டவர் இருக்கிறதா என்று பார்த்தேன். முழுசாக இருந்தது.

எட்டரை ஆயிற்று. எட்டு நாற்பது ஆயிற்று. ஒரு போன்கூட வரவில்லை. நேரே ஆபீசுக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களோ? என்னைப் போலக் காண்ட்ராக்ட் லைன்மேனை வீட்டுக்கு அனுப்பக் காகிதம்கூடத் தேவையில்லை, ஒரு வாய்வார்த்தை போதும்.

மன்னிச்சிரு நிமி என்று வாய்விட்டே சொல்லி ஃபியூஸைத் தூக்கினேன்.

போன் அடித்தது. பேச்சியம்மா அக்கா.

செத்தோம் என்று காதில் வைத்தேன். பின்னால் ஒரே இரைச்சல். பிள்ளைகள் கத்தினார்கள், யாரோ யாரையோ ஸ்டாண்டை ஆட்டாதே என்று அதட்டினார்கள். அத்தனைக்கும் நடுவே நிமியின் குரல் எண்ணிக்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்தொன்று.

"ஏலே சுவக்கீனு, ஃபியூஸக் கிஃபியூஸப் போட்டுத் தொலைச்சிராதல. ஆளுக்குப் பத்துன்னு பட்டன அமுக்கிட்டிருக்கோம். எனக்கு முன்னால இன்னும் அஞ்சு பேரு நிக்காவ. கடைசிப் பத்து என்னோடதுல்லா!"

ஃபியூஸை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தேன். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

பதினாறு வருஷமாக அண்ணாந்து பார்க்கிற உத்தியோகம். கம்பிக்கு மேலே ஒருநாளும் பார்த்ததில்லை. மூன்று நட்சத்திரங்களும் வரிசையாகத்தான் இருந்தன.

அக்கா போனை வைக்க மறந்துவிட்டாள். நானும் வைக்கவில்லை.

நூற்று நாற்பத்திரண்டு என்றாள் நிமி. நானும் சொன்னேன்.