ஏழாம் எண்

கோடு ஏறிக்கொண்டிருந்தது.

மடிக்கணினிக்குப் பின்னால் நின்றவள் அதைப் பார்த்தாள். மூன்றாவது முறை.

மேடையில் முனைவர் எத்திராஜ் குத்திய விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். தோளில் பொன்னாடை. ஊசி குத்தும்போதும் கழற்றவில்லை. புகைப்படம் எடுக்கிறார்கள் அல்லவா.

"ஒரே ஒரு சொட்டு! புற்றுநோய் செல் இருந்தா இந்தப் பட்டையில ஒட்டிக்கும், மின்னோட்டம் ஏறும். என் கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது!"

அவருடைய கருவிதான். ஐந்து வருடம் உட்கார்ந்து செய்தவள் இவள். அழைப்பிதழில் அவர் பட்டங்களுக்கே மூன்று வரி போய்விட்டது. இவள் பெயருக்கு இடமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டுமென்றால் ஆய்வுக்கூடத்தில் யாரும் வெளியே அலைய மாட்டார்கள். இருக்கிறவர்கள் விரலை நீட்டுவார்கள். கருவியைச் சோதித்த நாளில் அவரும் நீட்டினார். பெயர் கிடையாது, எண்தான். யார் எந்த எண் என்பது இவள் குறிப்பேட்டில் மட்டும்.

பன்னிரண்டு பேர். பதினொரு கோடுகள் சமர்த்தாகத் தரையில் படுத்திருந்தன.

ஏழு எழுந்து நின்றது.

மறுபடி சோதித்தாள். மறுபடி நின்றது.

"சார், அந்த ஏழு யாரோடதுன்னா..."

"யாரோடதா இருந்தா என்னம்மா? கிராஃப் அசிங்கமா இருக்கு. தூக்கு."

தூக்கினாள். இவள் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

கட்டுரை வந்தது. விழா வந்தது.

இப்போது பெரிய திரையில் கோடு உச்சியைத் தொட்டது. அவர் பேசியதைக் கேட்காத முன்வரிசை, ஏறினால் நல்லதுதானே என்று கைதட்டியது. துணைவேந்தர் இரண்டாவது பொன்னாடையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

எத்திராஜ் சிரிப்பைக் கலைக்காமல் அவள் பக்கம் குனிந்தார்.

"என்னம்மா இது, அந்த ஏழு மாதிரியே பண்ணுது? அழிச்சிட்டு வேற கோட்டைப் போடு. ஜனங்க பாக்கறாங்க."

அவள் பெரிய திரையை மட்டும் அணைத்தாள்.

பழைய கோப்பைத் திறந்தாள். தூக்கிய கோட்டைத் திரும்ப எடுத்து, இன்றைய கோட்டின் மேல் வைத்தாள். இரண்டும் ஒன்றாகவே ஏறின.

7 என்றிருந்த கட்டத்தில் எண்ணை எடுத்துவிட்டுப் பெயரைத் தட்டினாள். பட்டங்களை விட்டுவிட்டாள்.

ஒரே சொல்தான். சின்னதாக இருந்தது.

கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

இரண்டாவது பொன்னாடை தோளில் விழுந்தது.

அவர் கும்பிடவில்லை.